வால்

ஐஸ் டப்பாவைக் கவுண்டரில் வைத்துவிட்டு
மூன்றடி பின்னால் போய் ஜன்னலோரம் நின்றாள்.
டாக்டரின் கடிதத்தில் ஒரே வரி:
மீன் மணம். சிறுநீர். டிரைமெத்தில் அமீன் பார்க்கவும்.

பம்பலப்பிட்டியில் வங்கி வேலை.
பக்கத்து மேசைக்காரி விசிறியைத் திருப்பி வைத்தாளாம்.
பிறகொருநாள் இவளுடைய லாச்சிக்குள்
ரிப்பன் கட்டிய சவர்க்காரம் ஒன்று.
நான் கேட்கவில்லை.
படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம் சின்னது,
ஓரத்திலும் எழுதியிருந்தாள்.

பொரளையில் இந்த இயந்திரத்துக்குச் சாராயம் தெரியும்,
கறுவா எண்ணெய் தெரியும்,
பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்தால் தெரியும்.
இது புதுசு.

புத்தகம் நிரல் என்னும், நாங்கள் கொலம் என்போம்:
சாப்பாட்டுத் தட்டளவு வளையத்தில் சுற்றிய
முப்பது மீற்றர் கண்ணாடி மயிர்.
எப்போதும் மாட்டியிருப்பது ஐந்து வீதப் பீனைல்.
அதில் அமீன் நிற்கவே இல்லை,
மிதிபலகையில் ஏறி அடுத்த ஹோல்ட்டில்
டிக்கட் எடுக்காமல் இறங்குகிறவன் போலக்
காற்றோடு காற்றாய் வெளியே.

மெழுகுக் கொலத்தைப் போட்டோம்.
அது பிடித்தது, பிடித்ததை விடவில்லை.
உச்சி எழும்பாமல் வால் மட்டும்
திரையின் விளிம்புவரை இழுபட்டது.
சுவரில் எங்கோ துளி அமிலக் குணம் இருந்தால் போதும்,
காரம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.
"கொஞ்சமாய் இருந்தால் வாலும் வராது,
இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவோம்"
என்றாள் முஷர்ரபா.
அப்படி எழுதினால்
அந்தச் சவர்க்காரம் சரியென்று ஆகிவிடும்.

மூன்று நாள் தேடினோம்.
வெளியிலிருந்து எடுப்பித்தால் பத்துக் கிழமை,
விலையைச் சொன்ன முகவர் தானே மன்னிப்புக் கேட்டார்.
களஞ்சியத்தில் அன்செலின் மிஸ்
ஏணியின் மேலிருந்து கூப்பிட்டார்:
"இது என்ன, பிள்ளை?"
பெட்டியில் சிவப்பு மையில்,
‘2011. தவறுதலாக வந்தது. திருப்பி அனுப்பவும்.’
யாரோ ஓடரில் ஓர் எழுத்தைப் பிழையாய் அடித்திருக்கிறார்கள்.
யாரோ அதைத் திருப்பி அனுப்பப் பஞ்சிப்பட்டிருக்கிறார்கள்.
உள்ளே அமீனுக்கென்றே செய்த கொலம்:
காரம் பூசி அடக்கிய சுவர்,
ஐந்து மைக்ரோன் தடிப்பில் படலம்,
ஓட்டக்காரனையும் நிறுத்தி விசாரிக்கும் தடிப்பு.

நுனியை வெட்டினேன். முதல் வெட்டு கோணல்.
இரண்டாவது நேர்.
ஹீலியம் முடிந்துபோனதால் நைதரசன்.
இரவு முழுக்கச் சூடேற்றினோம்,
உணர்கருவியில் பூட்டாமல், வாயைத் திறந்துவிட்டு.
பதினாலு வருசத்துப் பழைய மூச்சு
அடுப்புக்குள் போய்த் தீரட்டும் என்று.

வெற்று மாதிரிக்கு என்னுடையதையே வைத்தேன்.
முந்தினநாள் சூரை சாப்பிட்டதை மறந்துவிட்டேன்.
சின்னதாய் ஒரு மேடு. முஷர்ரபா சிரித்தாள்.
பிறகு அவளுடையது:
குப்பியில் காரம் விட்டு, மூடி, சூடாக்கி,
மேலே நிற்கும் ஆவியை மட்டும் எடுத்து.

நாலாம் நிமிடம்.
வாலில்லை.
நட்டுவைத்த ஈர்க்குப் போல நேராய்,
திரையின் கூரையில் இடித்துக்கொண்டு.
சிரிப்பு நின்றது.

அறிக்கை வாங்க வந்தவள் அதே ஜன்னலோரம்.
"உங்களுக்கு மணக்குதா?"
"எனக்குப் பெருங்காயமே மணக்காது, தங்கச்சி.
ஈதர் தின்ற மூக்கு."
அது உண்மை. அவள் நம்பினாளோ தெரியாது.
ஈரலில் ஒரு நொதி குறைவாய் இருக்கலாம்,
டாக்டர் சொல்லுவார் என்றேன்.
"அப்ப, நான் குளிக்காததாலே இல்லை."
கேள்விக்குறி இல்லாமல் சொன்னாள்.
"இல்லை."
மருந்து இருக்கா என்று கேட்டாள்.
அதற்கு எங்களிடம் கொலம் இல்லை.

உறையை மடிக்காமல் பையில் வைத்தாள்.
போகும்போது கவுண்டருக்குக் கிட்ட வந்து,
தலைகீழாய் மாட்டியிருந்த பேனை மூடியைக் கழற்றி
நேராய்ப் போட்டுவிட்டுப் போனாள்.

பின்னேரம் சாராயம் வந்தது, பன்னிரண்டு போத்தல்,
நீதிமன்ற முத்திரையோடு.
மெழுகுக் கொலத்தைத் திரும்பவும் பூட்டினோம்.
மற்றதன் இரு முனையையும் அடைத்து
அதே பெட்டியில் வைத்தேன்.
சிவப்பு எழுத்தை வெட்டவில்லை.
கீழே தேதி மட்டும் போட்டேன்.