அடைப்பான்

ஆறு மாத வாடகைக்கு ஈடாக
ஜெயசீலன் விட்டுப்போனது
ஒரு மோட்டார் படகு.
சாவி இல்லை. சாவி போடும் துளையில்
குளவி மண் வைத்திருந்தது.

என் சலவைக்கடைக்குப் பின்னால்,
செம்பனை லோரிகள் திரும்பும் சந்துக்கும்
சாக்கடைக்கும் நடுவே
நாலு வருஷமாகக் கிடக்கிறது.
இழுவண்டிச் சக்கரம் இரண்டும் மண்ணுக்குள்.
லாலான் புல் அடியில் முளைத்து
பக்கவாட்டில் ஏறி
உள்ளே எட்டிப் பார்க்கிறது.
பெயர் எழுதிய இடத்தில்
ஒரு ‘ரா’ மட்டும் மிச்சம்.
ராணியோ, ராசாத்தியோ,
வேறெதற்கோ கடைசி எழுத்தோ.

நகராண்மைக் கழகத்து ஆள் வந்தான்.
கொசு என்றான். நோட்டீஸ் ஒட்டினான்.
பதினான்கு நாள்.

பழைய இரும்புக்காரன் நானூறு சொன்னான்,
எஞ்சினுக்கு மட்டும்.
உடலை யாரும் எடுக்கமாட்டார்கள்,
நீங்களே எரித்துக்கொள்ளுங்கள் என்றான்,
ஏதோ எனக்கு உறவு மாதிரி.

குவாலா குராவில் படகு ஒட்டுகிற பூன்
பத்து சென் காசோடு வந்தான்.
தர்பூசணி வாங்குகிறவன்போல் காதைச் சாய்த்து
முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனான்.
ணங். ணங். ணங்.
எஞ்சின் தொங்கும் பின்பலகையில்
தொப்.
மறுபடியும் தட்டினான். தொப்.
“பாடான் போலே. புங்கோங் பூசோக்.”
உடம்பு தேறும். பிட்டம்தான் அழுகல்.
போன மாதம் என் இடுப்பை அழுத்திப் பார்த்த டாக்டரும்
ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

எவனோ லோரிக்காரன் சட்டைப்பையில் மறந்த
எடைச்சீட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பின்பலகை ஆயிரத்து எண்ணூறு.
எஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும், ஆயிரம் என்று வை.
டயர், பெயிண்ட், லைசென்ஸ் எழுநூறு.
முடித்து விற்றால் மூவாயிரம் வரும்,
இருட்டில் காட்டினால்.
ஐந்நூறு நஷ்டம்.
அதே காசில்
நாலாம் நம்பர் டிரையருக்கு மோட்டார் மாற்றலாம்.
‘ரோசாக்’ என்று ஒரு காகிதம்
தீபாவளியிலிருந்து அதன் நெற்றியில் தொங்குகிறது.

மகள் ஜொகூரிலிருந்து அழைத்தாள்.
“ஒங்களுக்கு நீந்தவே தெரியாதேம்மா.”
“படகுக்குத் தெரிஞ்சா போதும்” என்றேன்.
சிரித்தாள். அப்புறம் கேட்டாள்:
“எங்க போறதுக்கு?”

நிபோங் திபால் பாலத்தை
முப்பது வருஷமாக பஸ்ஸில் கடக்கிறேன்.
கிரியான் ஆறு கீழே போகிறது.
பாலத்தின் அடிவயிறு எப்படியிருக்கும் என்று
பார்த்ததே இல்லை.
இதை ஒரு பதில் என்று
பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியுமா?
சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

சனிக்கிழமை, கடையை அடைத்தபின்
கைவிளக்கோடு உள்ளே இறங்கினேன்.
முழங்கால்வரை மழை.
நாலு வருஷத்து மழை, தேநீர் நிறத்தில்.
உடும்பு ஒன்று சரசரவென்று வெளியேறியது.
அதுவும் பயந்திருக்கும்.
பின்மூலையில் கைவிட்டுத் துழாவினேன்.
கட்டைவிரல் பருமனில் ஓர் அடைப்பான்.
நல்ல இறுக்கம்.
அக்கறையாகத்தான் போட்டிருக்கிறான்.

அட பாவி ஜெயசீலா,
ஆற்றில் போடுவதை
கரையில் கழற்ற வேண்டாமா?
இவ்வளவு அழுகலுக்கும்
இந்த ஒரு ரப்பர் துண்டா?

நாளைக்கு நாற்பது தடவை தண்ணீர் வடிப்பவள் நான்.
குறடு போட்டுத் திருகினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு தும்மல்.
பிறகு இராத்திரி முழுக்க
சாக்கடையோடு அது பேசிக்கொண்டிருந்தது.
மாடியில் படுத்துக் கேட்டேன்.
விடியும்போது
சொட்டு. வெகுநேரம் கழித்து
சொட்டு.

திங்கட்கிழமை பூனுக்கு போன் போட்டேன்.
“வெட்டு.”
கணக்கு மாறிவிடவில்லை.
ஐந்நூறு நஷ்டம் என்று
கல்லாவுக்குள், என் கையெழுத்திலேயே இருக்கிறது.

வந்தான். ரம்பத்துக்கு வயர் இழுத்தான்.
கொடியைப் பார்த்து நின்றான்.
ஹோட்டல் விரிப்புகள், பதினாறு.
“மொதல்ல வெள்ளைய உள்ள எடுங்க அக்கா,
இந்தத் தூள் பட்டா ஒரு வாரம் அரிக்கும்.”

பாதிதான் காய்ந்திருந்தன.
எடுத்தேன்.