பக்கம் நாற்பத்தொன்று

தரவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்களுக்கு,
பெயர் போட்டு எழுத முடியவில்லை.
உங்கள் பெயரைச் சொல்ல
அனுமதி இல்லை என்றார்கள்.

நான் டில்வின் ப்ராசர்.
ஒன்பதாம் எண் பேருந்தின் ஓட்டுநர்.
எனக்கு மனைவி இல்லை.
உங்கள் கணினியில் இருக்கிறாள்.
அவள் இருப்பதால், தனியாளுக்கான வரிச்சலுகையை
மார்ச்சோடு நிறுத்திவிட்டீர்கள்.
எங்கிருந்து வந்தாள் என்று பார்க்கத்தான்
என் கோப்பைக் கேட்டேன்.

நான் நான்தான் என்று காட்ட
பாஸ்போர்ட், எரிவாயு பில், மறுபடியும் பாஸ்போர்ட்.
எழுபத்தாறாம் நாள் வந்தது உறை,
ஓரம் கிழிந்து, கடற்கரை மழையில் ஊறி.

அறுபத்துமூன்று பக்கம்.
என் பெயர் வரும் இடமெல்லாம் கறுப்பு மை.
பிறந்த தேதி மேலும்.
குப்பைத்தொட்டி பற்றி நானே எழுதிய கடிதத்தில்
நானே இல்லை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்
பக்கம் நாற்பத்தொன்றில்
சோறே போடவில்லை.

அது என் பக்கம் இல்லை.
ஒரு பெண்ணுடையது.
பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர், பள்ளி,
பழைய வீட்டை விட்டு ஓடிவந்த இரவின் தேதி,
புதிய வீட்டின் எண், தெரு.
அதன் கீழே தடித்த எழுத்தில்:
இந்த முகவரியை யாருக்கும் தரக்கூடாது.

தந்துவிட்டீர்கள்.

தொலைபேசினேன். நாற்பது நிமிடம் வயலின்.
பிறகு ஒரு பையன், நல்ல பையன்தான், சொன்னான்:
"இன்னொருவர் விவரத்தை உங்களிடம் பேச
விதி இடம் தராது, சார்."
"தம்பி, விவரம் என் சமையலறை மேசையில் கிடக்கிறது."
"அதைப் பற்றியும் பேச முடியாது, சார்."
திருப்பி அனுப்பச் சொன்னான்.
சாதாரணத் தபாலில்.

அந்தத் தெரு என் வழித்தடத்தில்தான்.
நாளுக்குப் பதினொரு தடவை கடக்கிறேன்.
திரும்பிப் பார்ப்பதில்லை.
ஆனாலும் எந்த வீட்டைப் பார்க்கவில்லை என்பது
எனக்குத் தெரிகிறது.
இரண்டு பிள்ளைகளோடு யார் ஏறினாலும்
சில்லறை எண்ணுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

கதவைத் தட்டி எச்சரிக்கலாம்.
முன்பின் தெரியாத ஓர் ஆண்
மழைக்கோட்டோடு வாசலில் நின்று
"உங்கள் முகவரி எனக்குத் தெரியும்" என்றால்?
உங்கள் உறையில் வெல்ஷும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது.
பயமுறுத்தாமல் இதைச் சொல்ல
இரண்டிலும் வழியில்லை.

பக்கத்தைக் கணப்பில் போட்டேன்.
தாள்தான் எரிந்தது. எண் எரியவில்லை.
நேற்று பல் துலக்கும்போது
என் வாய் அதைத் தானாகச் சொல்லிற்று.

ஆகவே அவளிடம் நீங்கள் சொல்லுங்கள்.
இன்றே. நேரில். ஒரு பெண் அலுவலரை அனுப்பி.
தயவுசெய்து உறையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.
எழுதி வைத்தாலும் சரி,
இந்த ஊரில் அவள் எங்கே இருக்கிறாள் என்று
ஒரு பேருந்து ஓட்டுநருக்குத் தெரியும் என்று எழுதி,
என் பெயரை அங்கே மறைக்காமல் விடுங்கள்.

என் மனைவி விஷயம் அவசரமில்லை.
இன்னும் ஒரு மாதம்
இருந்துவிட்டுப் போகட்டும்.