பன்னிரண்டு சென்டிமீட்டர்

கதவுப் பலகையின் அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
இந்தக் கட்டடத்தில் யார் எவர் என்பது
அதற்குள் அடங்கியாக வேண்டும்.

கிரைஃப்ஸ்வால்டில், தாவரவியல் துறையில்
பல்பு, குழாய், சாவி, பலகை என் வேலை.
பத்தொன்பது வருடமாக நான்கு திருகாணிகளால்
மனிதர்களை உயர்த்திக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வு மாணவர்களுக்குப் பலகை கிடையாது.
தாளில் அச்சடித்து அவர்களே ஒட்டிக்கொள்வார்கள்.
உதவியாளர்களுக்குப் பிளாஸ்டிக்.
முனைவராகும் முன் ஆறு வருடம், ஆன பின் ஆறு வருடம்.
பன்னிரண்டு முடிந்ததும் சட்டம் சொல்லும், போதும்.
யார் போகிறார் என்பது எனக்குத்தான் முதலில் தெரியும்,
சாவி திருப்ப வேண்டியவர்களின் பட்டியல்
என் மேசைக்குத்தானே வருகிறது.

பேராசிரியருக்கு அலுமினியம்.
லுட்கேவுக்கு இரண்டு முனைவர், ஒரு கௌரவ முனைவர்.
எழுத்தை எவ்வளவு சுருக்கியும்
‘கே’ பலகைக்கு வெளியே தொங்கியது.
பெயரை வெட்டு, பட்டத்தில் கைவைக்காதே என்றார்.

வீப்கே ஹாட்டன்டோர்ஃபுக்குக் கதவே இல்லை.
அவர் பே.டே.
இன்னொரு ஆய்வேடு எழுதி,
பேராசிரியர் கூட்டத்தின் முன் நின்று ஜெயித்து வாங்கிய இரண்டெழுத்து.
பொருள்: பாடம் சொல்லும் உரிமை உண்டு.
சம்பளம் அந்த இரண்டெழுத்துக்குள் இல்லை.
பாடம் சொல்லாமல் விட்டால் உரிமையும் போய்விடும்.
ஆகவே வெள்ளிதோறும் ரோஸ்டாக்கில் ரயிலேறி
ஸ்ட்ரால்சுண்டில் மாறி வருகிறார், கைக்காசில்.
மற்ற நாட்களில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில்
தண்ணீர் புகுந்த நிலவறைகளுக்குப் பதில் எழுதுகிறார்.
கொடுப்பதற்காகக் கையேந்தும் ஒருவரை
வேறெங்கும் நான் கண்டதில்லை.

பேராசிரியர் வேலைக்கு இங்கே ‘அழைப்பு’ என்று பெயர்.
ஏதோ வானத்திலிருந்து வருவதுபோல.
மூன்று பேர் கொண்ட பட்டியலில்
போன வருடம் அவர் மூன்றாவது.
முதலாமவர் அழைப்புக் கடிதத்தைக் காட்டி
சொந்த ஊரிலேயே சம்பளத்தைக் கூட்டிக்கொண்டார்.
ஜூலையிலிருந்து ஜனவரி வரை
அந்தக் கதவில் நான்கு ஓட்டைகள் மட்டும்.
பிறகு இரண்டாமவன் வந்தான். முப்பத்தைந்து வயது.
நல்ல பையன், சைக்கிள் பம்பு கேட்டு வாங்கி
மறுநாளே திருப்பித் தந்தான்.

அவன் பலகையை மாட்டும்போது
ஹாட்டன்டோர்ஃப் நடைவழியில் வந்தார்.
ஈரக் குடை. ஒரு நிமிடம் நின்றார்.
இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது, கோசாக், என்றார்.
சரிந்துதான் இருந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளி யாரும் வரவில்லை.
முதல் மாடி, ஏழாம் அறை.
நாற்பது நாற்காலி.
ரேடியேட்டரின் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன் நான்.
வருகைத்தாளில் ஒரு பெயராவது இருக்க வேண்டும்.
உட்காருங்களேன், என்றார்.
அதில் கட்டளை இல்லை. கெஞ்சலும் இல்லை.

தொண்ணூறு நிமிடம், பாசிகளைப் பற்றி.
ஒரு நிமிடம் கூடக் குறைக்கவில்லை,
வெறும் நாற்காலிகளையும் பார்த்துப் பார்த்துப் பேசினார்.
பாசிக்கு வேர் கிடையாதாம்.
காய்ந்தால் செத்ததுபோல் கிடக்குமாம்.
ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால்
நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகுமாம்.
எத்தனை வருடம் அப்படிக் கிடக்கும் என்று கேட்டேன்.
ஒரு எண்ணைச் சொன்னார்.
பன்னிரண்டை விடப் பெரிதா என்று மட்டும் பார்த்தேன்.
பெரிதுதான்.

தாளில் கையெழுத்திட்டேன்: டெட்லெஃப் கோசாக்.
பாடப்பிரிவு என்ற கட்டத்தில்
‘வெந்நீர்க் குழாய்கள்’ என்று எழுதினேன்.
அவர் சிரித்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஓடினார்,
ஐந்து இருபதின் ரயிலுக்கு.

வடக்குக் கூரையின் பாசியைச் சுரண்டச் சொல்லி
நிர்வாகத்தின் கடிதம் மூன்று முறை வந்துவிட்டது.
ஏணி பழுது என்று பதில் எழுதியிருக்கிறேன்.
ஏணிக்கு ஒன்றுமில்லை.