இன்னொரு தண்ணி

புதன்கிழமை காலை
மென்பொருள் வேறு முகத்தோடு வந்திருந்தது.
எஃப் எட்டை அழுத்திப் பழகின விரலுக்கு
அந்த வீட்டில் இப்போது
வேறு யாரோ குடியிருப்பது
ஒன்பதரை வரைக்கும் தெரியவில்லை.

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் நார்த்துகள் கம்பெனி.
கீபோர்டு இடுக்கெல்லாம் தேங்காய்த் தூசி,
பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.
என் நாற்காலி இருப்பது தமிழ்நாட்டில்.
கணவாய்க் காற்று கொஞ்சம் திரும்பினால்
என் போன் மட்டும்
எல்லை தாண்டிப் போய்விடும்.
ஓடிபி வேண்டுமென்றால் எழுந்து
கிழக்குச் சுவரோரம், லாரிக்குப் பின்னால்
கையைத் தூக்கி நிற்க வேண்டும்,
சாமி வந்தவள் மாதிரி.

பத்தொன்பது வருஷத்தில்
இது எத்தனையாவது படிப்பு?
வாட் வந்தபோது ஒன்று.
அது போய் ஜிஎஸ்டி வந்தபோது ஒன்று,
அந்த ஜூலையில் ஆறு கிலோ இளைத்தேன்.
பிறகு கிளவுட். மேகம் என்றார்கள்,
வருஷா வருஷம் கட்டணம்தான் பெய்தது.
குறுக்குவழிச் சாவிகளை எழுதி வைத்த நோட்டில்
பாதிப் பக்கம் அடித்தாயிற்று.
இப்போது,
பில்லைப் படமெடுத்துக் கொடுத்தால்
தானே படித்துத் தானே எழுதுகிற ஒன்று.

பாத்திரம் கழுவி வைத்துவிட்டு
ஒன்றேகால் வேகத்தில் வீடியோ பார்த்தேன்.
எங்கோ வடக்கே இருந்து ஒருவர்
"இது ரொம்ப ஈஸி" என்று
நாற்பது தடவை சொன்னார்.
"அம்மா, பரீட்சையா?" என்றான் மகன்.
ஆமாம்டா, பாஸ் மார்க் எழுபது.
எழுபத்திரண்டு வாங்கினேன்.
சான்றிதழில் ஓர் எழுத்து உதிர்ந்து
மரகதவல்லி மரகதவலி ஆகியிருந்தாள்.
திருத்தச் சொல்லி எழுதவில்லை.
கழுத்தெலும்புக்கு அதுதான் சரியான பெயர்.

பக்கத்து மேஜை ஷீபா சித்தூர்க்காரி.
தலைகீழாக நின்றாலும் கற்கமாட்டேன் என்றவள்
இரண்டே வாரத்தில் என்னைவிட வேகம்.
எப்படி என்றேன்.
"தப்பா அடிச்சு நோக்குவேன் சேச்சி,
என்ன ஆகுதுன்னு பார்ப்பேன், அவ்வளவுதான்."
நான் தப்பு வந்துவிடும் என்று
எலியைப் பிடிக்கிற மாதிரி
மௌஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை.
நாலாயிரம் கட்டி, கட்டி ஒன்று ஐந்து கிலோ,
கொச்சித் துறைமுகம்.
இயந்திரம் பில்லைப் படித்தது.
மணிமணியாக எழுதியது.
உறுதிசெய்யவா என்று நீலமாகச் சிரித்தது.
செய்தேன்.

வண்டியில் ஒரு காலை வைத்தபடி
சசீந்திரன் போனைப் பார்த்தான்.
இறங்கி வந்தான்.
"சேச்சி, இது கட்டியோ கிலோவோ?"

நாலாயிரம் கிலோ.
இருபது டன்னை நாலு டன்னாக்கி
அனுப்ப இருந்தோம்,
அதுவும் நானும் அது எழுதியதுமாகச் சேர்ந்து.
நான் பார்த்தேன்தான். படிக்கவில்லை.
அந்த எழுபத்திரண்டில்
இப்படியொரு கேள்வி இல்லை.

இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.
அதற்கும் ஓடிபி கேட்டது.

சுவரோரம் கை தூக்கி நின்றேன்.
களத்தில் நார்த்துகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
உப்பு இறங்காத துகளில் விதை போட்டால்
முளைத்த வேகத்தில் கருகிவிடும்.
பொன்னாத்தா ஒரு பிடி அள்ளிப் பிழிந்து
வடிந்த நீரில் மீட்டரை முக்கினாள்.
கண்ணைச் சுருக்கி
முதலில் ஒரு தடவை பார்த்தாள்.
துடைத்துவிட்டு இன்னொரு தடவை.

"மூணு தண்ணி உட்டாச்சே?" என்றான் பம்பு போடுகிறவன்.
"பத்தாது. இன்னொரு தண்ணி உடோணும்."

போன் அதிர்ந்தது.
ஓடிபி இல்லை.
கேரளத்துக்கு அன்போடு வரவேற்கிறார்கள்.