துப்பிய திசை

பெரியபட்டினத்து ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
கம்பிவேலிக்குள் நிற்கிறது அந்த மரம்.
எண் 1 என்று தகரத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.
எண் 2 கிடையாது.

ஆண் மரமாம். வருடம் தவறாமல் பூத்து
மகரந்தத்தையெல்லாம் லாரிகளின் மேல் கொட்டுகிறது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மீன் ஏற்றப் போகிறார்கள் டிரைவர்கள்.

அதன் இலையைக் கைபேசியில் ஏந்திக்கொண்டு
கரை கரையாக வந்தாள் ரிஃபாயா, ஆராய்ச்சிக்காரி.
"இதை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா அக்கா?"
அவளுக்குப் பின்னால் காக்கியில் வாச்சர் குருந்தையா,
போன மாசியில் என் பாசி மூட்டையைப் பிடுங்கியவர்.

தீவில் கால் வைத்தால் குற்றம்.
ரசீது இருக்கிறது என்னிடம். ஐந்நூறு ரூபாய், நீல மை,
கடல்தண்ணி பட்டு என் பேர் மட்டும் கரைந்துபோன ரசீது.
பார்த்தேன் என்றால் போனேன் என்றாகும்.

பார்க்கவில்லை என்றேன்.

அவள் போகவில்லை. வள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து
நான் விரல்களுக்குத் துணி சுற்றுவதையே பார்த்திருந்தாள்.
"பழம் எப்படி இருக்கும்னே
எங்க யாருக்கும் தெரியாதுக்கா."
அதுதான் என் வாயைத் திறந்துவிட்டது.

நாக்கு மரத்துப்போகும், என்றேன்.
முதலில் புளிப்பு. அப்புறம் ரொம்ப நேரத்துக்கு
உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது.
மரிக்கொழுந்துப் பாசி கிள்ளிய கையோடு
நானும் சந்தனமேரியும் வெயிலுக்கு ஒதுங்கி
மடி நிறையப் பறித்தோம்.
மூத்தவன் அப்போது வயிற்றில் எட்டு மாதம்.
இப்போது அவனுக்கு மீசை.

குருந்தையா நோட்டைத் திறந்தார்.
அவர் விரலையும் சேர்த்து அதை மூடினாள் அவள்.

"பழம்னா அது பெண் மரம்.
கொட்டையை என்னக்கா செஞ்சீங்க?"

துப்பினோம்.
யாருடையது தூரம் போகுமென்று பந்தயம்.
எட்டு மாத மூச்சு எனக்கு; சந்தனமேரிதான் ஜெயித்தாள்.

"எந்தப் பக்கம்?"

யாரும் என்னிடம் இப்படியொரு கேள்வியைக்
கைகட்டி நின்று கேட்டதில்லை.
எழுந்தேன். மேற்கே திரும்பினேன். இல்லை,
அன்றைக்குக் கச்சான் கிளம்பியிருந்தது,
முந்தானை முகத்தில் அடித்தது.
காற்றுக்கு முதுகு காட்டித்தான் துப்பியிருப்போம்.
தீவின் பேரை மட்டும் கேட்காதே,
கூட்டிப் போகிறேன், என்றேன்.

திரும்பி நின்று
வெறும் வாயால் ஒருதரம் துப்பிக் காட்டினேன்.
ரிஃபாயா திசை பார்த்துக் குறித்தாள்.
குருந்தையா போய்
எச்சில் விழுந்த ஈர மணலில்
ஒரு கிளிஞ்சலை எடுத்து வைத்தார்.