மாதிரி எண் பதினேழு

சிவாஜி நகர் மீன்தொட்டிக் கடையிலிருந்து
ஐஸ்கிரீம் டப்பாவில் வந்தது.
மூடியில் வனத்துறை அரக்கு, நாகேந்திரப்பாவின் கையெழுத்து,
கழுவியும் போகாத பட்டர்ஸ்காட்ச் வாசனை.

"கடல்விசிறியா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க மேடம்.
விசிறின்னா கேஸு."

விசிறியில்லை, பார்த்ததுமே தெரிந்தது.
ஒற்றைத் தண்டு, மேலே மடிப்பு மடிப்பாக
நனைந்த காளான்.
விரல் பட்டதும் பூவையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு
வெறும் தோலாகிவிட்டது.
ஆனால் பார்த்ததை எழுத முடியாது.
முள்ளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மென்பவளத்துக்கு எலும்பில்லை.
சதைக்குள் தூளாகச் சுண்ண முள்,
அதில் இருக்கிறது பெயர்.

நுனியில் அரிசியளவு, அடியில் அரிசியளவு
கிள்ளியெடுத்து
கழிவறைக்கென்று வாங்கிய ப்ளீச் இரண்டு சொட்டு.
நுரைத்தது.
வாய்க்கு எட்டுக் கையென்று இருந்ததெல்லாம்
ஐந்து நிமிடத்தில் இல்லை.
நான்கு முறை அலசினேன்.
குழாய் வராத நாள், குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர்.

லென்சுக்கடியில்
மேல்தோல் முழுக்கக் கதாயுதம்,
தூசியளவு பீமன்களுக்கு.
அடித்தண்டில் இருமுனையும் கூம்பிய கதிர்கள், உடம்பெல்லாம் பரு.
பூவிலும் இரண்டு சாதி:
ஒன்று தின்கிறது
மற்றது நாளெல்லாம் தண்ணீர் இறைக்கிறது.

சார்கோஃபைட்டன்.
பேரினம் சரி. அதற்கப்புறம்?
பழைய படங்களில் கதையின் தலை இன்னும் அகலம்.
எந்தக் கடல் என்று தெரிந்தால்
பாதிப் பெயர்களை அடித்துவிடலாம்.

கடைக்காரர் முசாவிரைப் போனில் பிடித்தேன்.
"சென்னைலேந்து பஸ்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி அல்லாவுக்குத்தான் தெரியும்.
ஒண்ணுதான் வாங்கினேன். வெட்டி வெட்டி
கல்லுல ரப்பர்பேண்டு போட்டு இருபத்திரண்டு ஆக்கிட்டேன்.
காவேரித் தண்ணி, பாக்கெட் உப்பு, அவ்ளோதான்."
நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்?
"பேரா? முந்நூறு ரூவா பீஸுன்னு சொல்லுவோம்."

அறிக்கை:
கடல்விசிறி அல்ல.
பேரினம் எழுதினேன். இனம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
"கோடு போட்டா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம்"
என்றார் நாகேந்திரப்பா.
அது பெயர் இல்லாத கோடு அல்ல, எனக்குத் தெரியாத கோடு என்றேன்.
ஒத்துக்கொண்டார்களா, தெரியவில்லை.

மூன்றாம் நாள் மெழுகுபோல் ஒரு தோலை உரித்துவிட்டு
கிள்ளிய இடத்துக்குப் பக்கத்தில்
ஒரு பூவை நீட்டியிருந்தது.
எண்ணினேன். எட்டு.

திருப்பித் தர ஆட்டோவில் போனேன்,
டப்பா மடியில்.
கண்டோன்மென்ட் சிக்னலில் டிரைவர் திரும்பி,
"ஏனு மேடம் அது?"

மூடியைப் பார்த்தேன்.
பட்டர்ஸ்காட்ச், என்றேன்.