நம்பலாமோ எண்டு கேட்டீங்கள்

இருங்கோ, முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ.
அறுபத்திரண்டாம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்,
நம்பர் ஒண்டு ஸ்ரீ.
நிறம் புத்தகத்தில சாம்பல், வெயிலில பச்சை,
முன் மட்காட்டில மட்டும்
ஆரோ அடிச்சுவிட்ட ஆஸ்பத்திரி நீலம்.

நம்பலாம்.
மாரியில நம்பேலாது.
காலமை ஏழு மணிக்கு முன்னம் நம்பேலாது.
கோண்டாவிலில இருந்து ஆஸ்பத்திரி மருந்துப் பகுதிக்குப்
பதினாலு வருசமா ஓடுறன்;
தட்டாதெருச் சந்தியில நிண்டது ஆறுதரம்,
ஆறுதரமும் அதே இடம்,
இரும்புக்கடைக்கு முன்னால.
கடைக்காரர் இப்ப என்னைக் கண்டதும்
ஸ்குரூ டிரைவரோட இறங்கி வருவார்.
நான் நிக்காமப் போனால்
அவருக்கு முகம் சுருங்கும்.

சொகுசோ?
பின் சீற்றில இருந்து பாருங்கோ.
இடப்பக்கம் வேண்டாம்,
அங்க ஒரு கம்பி, ஆளைத் தெரிஞ்சு குத்தும்.
என்ர மாமியாரை ஒருநாளும் குத்தேல்லை.
எத்தினையோ பயணம் பாத்திருந்தன்.
வலக் கண்ணாடி ஏறும், இறங்காது.
மூலைக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினால்
வழுக்கையாற்று வெளிக் காத்து
நேரே கழுத்துக்குள்ள வரும்.
அதுக்குக் காசு கேக்கேல்லை.

புத்தகத்தைத் திறவுங்கோ,
எனக்கு முன்னம் மூண்டு பேர்.

புரொக்டர் முத்துக்குமாரு
ஒருநாளும் ஸ்ரெயறிங்கைத் தொட்டதில்லையாம்.
பின்னால சாஞ்சிருந்தபடி
"நல்ல கார்" எண்டவராம்.
கேள்விச் சாட்சியம். நான் எடுக்கிறேல்லை.

செபஸ்தியான் ஹயர் ஓடினவர்,
பெற்றோல் வராத காலத்தில.
கார்பரேற்றருக்கு மேல சேலைன் போத்தல் கட்டி
முதல் நாலு சொட்டுப் பெற்றோல்,
மூச்சு வந்த பிறகு மண்ணெண்ணெய்.
"புகைக்குள்ள பின்னுக்கு வாறவனுக்கு என்னைத் தெரியாது,
எனக்கு அவனைத் தெரியாது,
ஆனாப் போகவேண்டிய இடத்துக்குப் போனது" எண்டார்.
இப்பவும் சைக்கிளில இதால போகேக்க
பொனற்றில ஒரு தட்டுத் தட்டிப்போட்டுத்தான் போவார்.
மத்தியான வெயிலுக்குச் சீற் சூடேறினால்
அந்த மணம் எழும்பும். முகந்து பாருங்கோ.

மூண்டாவது, மிசிஸ் பரஞ்சோதி, கணக்கு ரீச்சர்.
தொண்ணூற்றஞ்சு ஐப்பசி.
நாவற்குழிப் பாலத்தில, சனத்துக்கு நடுவில,
மழைக்குள்ள நிண்டுபோச்சுது.
கார் பழுதெண்டு ஆரும் சொல்லேல்லை.
ஓடுற காரும் அண்டைக்கு நடந்துதான் போனது.
தெரியாத ஆக்கள்
தங்கட பெட்டியை உள்ளுக்கு வைச்சிட்டுத் தள்ளினவை.
கொடிகாமத்தில, ஒரு தென்னங்காணியில,
நாப்பத்திரண்டு இரவு
ஓடாத காருக்குள்ள ஏழுபேர் படுத்தவை.
ஒரு துளி ஒழுகேல்லையாம்.
விக்கேக்க அவ எனக்குச் சொன்னது இவ்வளவுதான்:
"பிள்ளை, எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாது.
கதவு நாலும் பூட்டும்."

அதைக் கேட்டு விலை பேசாமல் வாங்கினன்
எண்டு நினைக்காதேங்கோ.
ஆறாயிரம் குறைச்சுத்தான் வாங்கினன்.

ஏன் விக்கிறீங்கள் எண்டு அடுத்ததாக் கேப்பீங்கள்.
முழங்கால்.
கிளச் உரம், இடக்கால் இனி ஏலாதெண்டிட்டுது.
மகள் ஒரு ஜப்பான் கார் எடுத்துத் தாறாளாம்.
சத்தமே இல்லையாம்,
அதுவே கதைச்சு வழி சொல்லுமாம்.
கோண்டாவிலில இருந்து ஆஸ்பத்திரிக்கு
எனக்கு என்ன வழி சொல்லப்போகுது?

இந்தாங்கோ திறப்பு.
முதலே சொல்லிப்போட்டன்,
மாரியில, ஏழு மணிக்கு முன்னம், பிறத்தியாருக்கு
இது ஸ்ராட் எடுக்காது.
சோக்கை முழுக்க இழுக்காதேங்கோ, அரைவாசி...

ஒரே திருப்பு.

ஆறரை மணி, மார்கழித் தூறல்,
ஊர்பேர் தெரியாத உங்கட கை.

நீங்கள் சிரிக்கிறீங்கள்.
நான் பொனற்றைப் பாக்கிறன்.
இவ்வளவும் என்ர வாயால சொன்ன பிறகு
என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டு
என்ன சந்தோசமாய் நடுங்குது, பாருங்கோ.